குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குக் காப்பீடு: அங்கத்தினர் ஆராய்ந்து தேர்வது எப்படி?

பயிருக்கு வரும் கேட்டையும் கறவை மாட்டுக்கு வரும் நோயையும் முன்கூட்டியே எண்ணிக் காப்பீடு செய்யும் வழக்கம் நம் அங்கத்தினரிடையே இன்று வேரூன்றிவிட்டது. தம் உடல்நலத்திற்கும் ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி வேண்டும் என்னும் எண்ணமும் அண்மைக் காலத்தில் வளர்ந்து வருகிறது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், எந்தச் சங்கத்தின் ஏட்டிலும் பெயர் சொல்லிப் பதியப்படாத துன்பம் ஒன்று உண்டு. மணமாகி ஆண்டுகள் சில சென்றும் மடியில் குழந்தை தவழாத துன்பமே அது.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது நகைக்கடன் ஏட்டைப் புரட்டுவது நமது கடமைகளுள் ஒன்று. கடனின் நோக்கம் என்னும் கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று இரண்டே சொற்கள் இருக்கும். ஒரே அங்கத்தினர் ஆண்டுக்கு இருமுறை, மும்முறை நகை வைத்திருப்பார். வட்டி ஏறும், நகை மீளாது. காரணம் யாதென்று செயலாளரிடம் தனித்து வினவினால், 'பிள்ளைக்காக வைத்தியம் பார்க்கிறார்கள் ஐயா' என்று தாழ்ந்த குரலில் விடை வரும். பாவு நூலுக்கு வைத்திருந்த பணமும், அடுத்த போகத்திற்கு விதை வாங்க வைத்திருந்த பணமும் இவ்வழியே செல்வதை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். ஆகவேதான் இச்செலவைத் தாங்கும் காப்பீடு உண்டா, உண்டெனில் அதனைத் தேர்வது எப்படி என்பதை இங்கே விரிவாக ஆராய முற்படுகிறோம்.

குறை யாருடையது?

முதற்கண் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். குழந்தையின்மை அரிதான நிலையன்று. வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இதனை எதிர்கொள்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இதன் காரணம் பெண்ணிடமும் இருக்கலாம், ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். காரணம் இன்னதென்று புலப்படாமலும் போகலாம். பெண்ணை மட்டும் கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் அனுப்பிவிட்டுக் கணவர் தறியிலேயே அமர்ந்திருப்பது அறிவுடைமையாகாது. ஆணின் விந்துப் பரிசோதனை மிக எளியது, செலவும் குறைவு. அதனைத் தொடக்கத்திலேயே செய்துகொண்டால் வீண் செலவு பெரிதும் தவிரும்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காதபோது மருத்துவரை நாடுவது பொது விதி. மனைவியின் வயது 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே நாட வேண்டும் என்பர். வயது ஏற ஏற, அதிலும் 40-ஐ நெருங்கும்போது, சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு விரைந்து குறைகிறது. காப்பீட்டைத் தேர்வதற்கும் இந்த வயதுக் கணக்கே அடிப்படை என்பதைப் பின்னர் காண்போம்.

பணம் எங்கே செலவாகிறது?

1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் நம் நாட்டிலும் ஒரு குழந்தை பிறந்தது. அன்று உலகமே வியந்த அம்முறை இன்று நமது மாவட்டத் தலைநகர்களிலும் நடைபெறுகிறது. இதனை ஐ.வி.எஃப். என வழங்குகின்றனர்.

இச்சிகிச்சையின் ஒரு சுற்று பல படிகளைக் கொண்டது. சற்றேறக்குறைய பத்து நாட்கள் மனைவிக்கு ஊசி மருந்து செலுத்தப்படும். இடையிடையே ஸ்கேன் எடுத்து முட்டைகளின் வளர்ச்சியைப் பார்ப்பர். பின்னர் முட்டைகளை வெளியே எடுப்பர். இதற்கு மருத்துவமனையில் சில மணி நேரமே இருந்தாற் போதும். ஆய்வுக்கூடத்தில் கருவை வளர்த்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் கருப்பைக்குள் வைப்பர். எஞ்சிய கருக்களை உறையவைத்துச் சேமிப்பதும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். இதனினும் எளிய முறை, தூய்மைப்படுத்திய விந்தைக் கருப்பைக்குள் நேரே செலுத்தும் ஐ.யு.ஐ. என்பதாகும்.

இவற்றுள் பெரும் பகுதி, நோயாளி மருத்துவமனையில் இரவு தங்காமலே நடைபெறுகிறது என்பதை அங்கத்தினர் குறித்துக்கொள்ள வேண்டும். ஊசியும் ஸ்கேனும் வெளிநோயாளர் செலவுகள். இருபத்துநான்கு மணி நேரம் படுக்கையில் இருந்தாலன்றிப் பணம் கிடையாது என்னும் பாலிசி இங்கே பெரிதும் பயன்படாது. மேலும், ஒரு சுற்றிலேயே குழந்தை கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டாம் சுற்றையும் எண்ணியே திட்டமிட வேண்டும்.

சாதாரணப் பாலிசி என்ன சொல்கிறது?

'பாலிசியில் பிரசவச் செலவுக்குப் பணம் உண்டு என்று அச்சிட்டிருக்கிறதே ஐயா, இதுவும் அதில் அடங்காதா?' என்று நம்மிடம் கேட்ட அங்கத்தினர் பலர். அடங்காது என்பதே விடை. பிரசவம் வேறு, கருத்தரிக்கச் செய்யும் சிகிச்சை வேறு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ஆம் ஆண்டு, பாலிசிகளில் விலக்கப்படும் இனங்களுக்குப் பொதுவான வாசகத்தையும் எண்ணையும் வகுத்தது. அதில் 17-ஆம் எண் மலட்டுத்தன்மையும் குழந்தையின்மையும் பற்றியது. 18-ஆம் எண் பிரசவம் பற்றியது. 17-ஆம் எண் விலக்கு இடம்பெற்ற பாலிசியில் ஐ.யு.ஐ., ஐ.வி.எஃப். போன்றவற்றுக்கும், வாடகைத்தாய் முறைக்கும், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையை மீண்டும் மாற்றிக்கொள்வதற்கும் பணம் கிடையாது.

இந்த விலக்கைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஆணையம் கட்டாயப்படுத்தவில்லை. விலக்க விரும்பும் நிறுவனம் எந்த வாசகத்தில் விலக்க வேண்டும் என்பதையே வகுத்தது. எனவே இதனை நீக்கியோ, கூடுதல் பிரிமியத்தின் பேரில் ஓரளவு தளர்த்தியோ தரும் பாலிசிகளும் சந்தையில் உள்ளன. அரசுத் திட்டத்தை நம்பலாமா எனில், 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் கருத்தரிப்புச் சிகிச்சைகளைத் தொடக்கத்திலேயே விலக்கி வைத்தது.

ஆனால் கருத்தரிப்பதற்குத் தடையாயிருக்கும் நோய்களின் நிலை வேறு. கருப்பைக் கட்டி, சினைப்பை நீர்க்கட்டி, ஆணுக்கு விரைநாளப் புடைப்பு ஆகியவை தம்மளவிலேயே நோய்கள். வலியோ உதிரப்போக்கோ காரணமாக இவற்றுக்கு அறுவை தேவைப்படுமாயின், சாதாரணப் பாலிசியிலேயே, அதற்குரிய காத்திருப்புக் காலம் முடிந்தபின், பணம் பெற இடமுண்டு. மருத்துவர் குறிப்பில் நோயின் பெயரும் அறிகுறியும் உள்ளது உள்ளபடி எழுதப்பட்டிருத்தல் அவசியம்.

காத்திருப்புக் காலம் ஏன்?

இச்சிகிச்சைக்கு இடந்தரும் பாலிசிகளும் உடனே பணம் தருவதில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் பிரிமியம் செலுத்தியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் காணப்படும் நிபந்தனை. இதன் காரணத்தைக் கூட்டுறவாளர் எளிதில் உணரலாம். சிகிச்சை தேவையென்று அறிந்தவர் மட்டுமே வந்து சேர்ந்து, பணம் பெற்றவுடன் விலகிவிட்டால், அந்த நிதி எத்தனை நாள் நிற்கும்? கடன் வாங்க மட்டும் அங்கத்தினராகிப் பங்குத்தொகையைத் திரும்பப் பெற்றுச் செல்வோர் மலிந்த சங்கத்தின் கதிதான் அதற்கும் நேரும். ஆகவே நிறுவனங்கள் காத்திருக்கச் செய்கின்றன. கொடுக்கும் தொகைக்கும் வரம்பு கட்டுகின்றன.

பாலிசியை வாங்குமுன்னரே குறை கண்டறியப்பட்டிருந்தால் அது 'முன்பே உள்ள நோய்' என்றும் கருதப்படலாம். அத்தகைய நோய்க்கான காத்திருப்பு 36 மாதத்திற்கு மேற்படக்கூடாது என 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் கூறுகின்றன. முன்னர் அது 48 மாதமாக இருந்தது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முகவர் தரும் வண்ணத்தாளில் 'குழந்தையின்மைச் சிகிச்சைக்கும் உண்டு' என்னும் ஒரு வரி இருப்பது போதாது. கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்கும் எழுத்து மூலம் விடை பெறுதல் வேண்டும்.

முதலாவது, எவ்வெச் சிகிச்சை? ஐ.யு.ஐ. மட்டுமா, ஐ.வி.எஃப்.-உம் உண்டா? உறையவைத்த கருவைப் பின்னொரு மாதத்தில் வைப்பது அதே சுற்றாகக் கணக்கிடப்படுமா, வேறு சுற்றாகவா?

இரண்டாவது, எப்போது? காத்திருப்பு எத்தனை மாதம்? கணவன் மனைவி இருவரும் ஒரே பாலிசியில் அத்தனை காலமும் இருந்திருக்க வேண்டுமா?

மூன்றாவது, எவ்வளவு? பாலிசித் தொகை ஐந்து இலட்சம் என்றிருப்பினும் இச்சிகிச்சைக்கு உள்வரம்பு ஓர் இலட்சமாகவே இருக்கக்கூடும். அந்த வரம்பு ஒவ்வோர் ஆண்டுக்குமா, வாழ்நாளில் ஒருமுறைக்கா? செலவில் அங்கத்தினர் ஏற்க வேண்டிய பங்கு நூற்றுக்கு எவ்வளவு?

நான்காவது, எந்தச் செலவு? ஊசி, ஸ்கேன், பரிசோதனை ஆகிய வெளிநோயாளர் செலவுகள் சேருமா? நெசவாளர்களில் மூத்தோர் 2005-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மறந்திருக்கமாட்டார்கள். இப்போது நடைமுறையில் இல்லாத அத்திட்டத்தில் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ.15,000 வரம்பு, அதில் ரூ.7,500 வரை வெளிநோயாளர் செலவுக்கே இடம் இருந்தது. தொகை சிறிதாயினும், படுக்கையில் சேராத நோயாளிக்கும் செலவுண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

ஐந்தாவது, எங்கே? 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பதிவு பெறாத நிலையம் இச்சிகிச்சை செய்தல் குற்றமாகும். மனைவிக்கு 21 முதல் 50 வரை, கணவருக்கு 21 முதல் 55 வரை என வயது வரம்பையும் அச்சட்டம் விதித்துள்ளது. நிலையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதற்கு அங்கத்தினர் கூச வேண்டியதில்லை. அந்நிலையம் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதா என்பதையும் உடன் விசாரிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

கணக்கின்றி எதையும் ஒப்புக்கொள்ளுதல் நம் தொழிலுக்கு அழகன்று. ஆகவே விளக்கத்தின் பொருட்டுத் தொகைகளைக் கற்பித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சுற்றுக்கு மொத்தச் செலவு ரூ.1,80,000 என்றும், அதில் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் ரூ.80,000 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் திட்டத்தில் இந்த உதவிக்காக ஆண்டுக்கு ரூ.3,000 கூடுதல் பிரிமியம். காத்திருப்பு 2 ஆண்டு. வெளிநோயாளர் செலவு சேராது. எஞ்சியதில் நூற்றுக்கு 20 அங்கத்தினர் பங்கு. மூன்றாம் ஆண்டில் சிகிச்சை நடந்தால் நிறுவனம் தருவது ரூ.80,000. அங்கத்தினர் கைப்பொறுப்பு ரூ.1,00,000, அதனோடு மூன்றாண்டுக் கூடுதல் பிரிமியம் ரூ.9,000-ஐக் கூட்டினால் ரூ.1,09,000.

இரண்டாம் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000, காத்திருப்பு 3 ஆண்டு, எல்லாச் செலவும் சேரும், வரம்பு ரூ.2,50,000. நான்காம் ஆண்டில் சிகிச்சை நடந்தால் ரூ.1,80,000-உம் கிடைக்கும். அங்கத்தினருக்கு ஆன செலவு நான்காண்டுக் கூடுதல் பிரிமியம் ரூ.24,000 மட்டுமே.

இரண்டாம் திட்டமே மேலெனத் தோன்றும். மனைவிக்கு 25 வயதாயின் அது உண்மையே. நான்காம் ஆண்டில் அவருக்கு 28 வயதே ஆகியிருக்கும். ஆனால் மனைவிக்கு 36 வயதாயின் மூன்றாண்டு காத்திருந்தபின் 39 ஆகிவிடும். பணம் கைக்கு வரும் வேளையில் வாய்ப்புக் குறைந்திருக்கும். ஆகவே மணமான புதிதிலேயே, குறையொன்றும் தெரியாதபோதே, எடுக்கும் பாலிசிதான் இத்துறையில் பயன் தருவது. வயது கடந்தோர் பாலிசிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. அவர்கள் அரசு மருத்துவமனையை முதலில் நாடுதல் நலம். அடிப்படைப் பரிசோதனைகளும் மருந்தும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையமும் 2024-ஆம் ஆண்டு திறக்கப்பட்டுள்ளது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டபின் குழந்தையை இழந்தோருக்கும் அரசு மருத்துவமனையே புகலிடம். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அந்த அறுவையை மாற்றிச் செய்யும் சிகிச்சையைத் தமிழக அரசு தன் செலவில் அளித்ததை ஈண்டு நினைவுகூரலாம்.

மறைத்தல் கேடு தரும்

விண்ணப்பத்தில் முந்தைய சிகிச்சையைப் பற்றிய வினாவிற்கு 'இல்லை' என்று எழுதிவிடுமாறு ஆலோசனை கூறுவோர் உண்டு. அதனைச் செவியில் ஏற்றல் வேண்டா. பின்னர் மருத்துவமனை ஏடு வெளிப்பட்டால் கோரிய பணமும் கிடைக்காது, பாலிசியும் போய்விடும். ஐந்தாண்டு இடைவிடாது பாலிசி நடந்தபின், மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, தகவல் விடுபட்டதைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க இயலாது என்னும் பாதுகாப்பும் உண்டு. நேர்மையாய் நடப்போருக்கே அது அரண்.

பாலிசியோடு அதன் சாரத்தைக் கூறும் தகவல் தாள் ஒன்றை நிறுவனம் தர வேண்டும். அதனைத் தமிழிலேயே தருமாறு கேட்கும் உரிமை அங்கத்தினருக்கு உண்டு. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையெனில், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திற்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தக்க விடை வாராவிடில், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டிற்குள் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

சங்கம் செய்யக்கூடியது

தனியொருவர் வாங்கும் பாலிசியில் காத்திருப்பும் வரம்பும் கடுமையாயிருப்பதன் காரணத்தை மேலே கண்டோம். தேவையுள்ளோர் மட்டும் வந்து சேர்வர் என்னும் அச்சமே அது. சங்கத்தின் எல்லா அங்கத்தினரும் ஒருங்கே சேர்ந்தால் அந்த அச்சத்திற்கு இடமேது? முதியோரும் இளையோரும், குழந்தை பெற்றோரும் பெறாதோரும் ஒரே பட்டியலில் இருப்பர். அப்போது காத்திருப்பைக் குறைக்கவும், 17-ஆம் எண் விலக்கைத் தளர்த்தவும் நிறுவனத்தோடு பேச முடியும். பெரிய தொழிற்கூடங்கள் தம் ஊழியருக்கு இவ்வாறு பேசிப் பெற்றிருக்கின்றன. காப்பீட்டிற்காக மட்டும் கூடிய கூட்டத்திற்குக் குழுப் பாலிசி கிடையாது. ஆனால் பொதுத் தொழிலை முன்னிட்டு ஏற்கெனவே இயங்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கு அந்தத் தகுதி உண்டு.

அண்டை மாநிலமான கர்நாடகம் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு அங்கே நடைமுறைக்கு வந்த யசஸ்வினி திட்டத்தில், கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த உழவர்கள் தொடக்கத்தில் ஆண்டுக்கு ரூ.60 செலுத்தி அறுவைச் சிகிச்சைக்குப் பாதுகாப்புப் பெற்றனர். மாதம் ஐந்து ரூபாய் பெரும் அறுவைகளைத் தாங்கியது எவ்வாறு? இலட்சக்கணக்கானோர் சேர்ந்து சுமந்ததனால்தான். அத்திட்டம் 2018-இல் மாநிலப் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, 2022-இல் மீண்டும் தனியே உயிர்பெற்றது.

குழுப் பாலிசியை நாடும் நிர்வாகக் குழுவினர் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளின் பிரிமியத்திற்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுள்ளது, குழுப் பாலிசிக்கு அச்சலுகை இல்லை. ஆகவே வரியையும் கூட்டியே ஒப்பிட வேண்டும். நிறுவனம் விதிக்கும் பிரிமியத்திற்கு மேல் ஒரு காசும் அங்கத்தினரிடம் வசூலிக்கலாகாது. ஒவ்வோர் அங்கத்தினருக்கும் தனிச் சான்று கொடுத்தாக வேண்டும். யார் எந்தச் சிகிச்சைக்குப் பணம் பெற்றார் என்பது பொதுப்பேரவையில் பேசத்தக்க பொருளன்று. அந்த ஏடு செயலாளரின் பூட்டிய பேழையில் இருக்கட்டும்.

குழுப் பாலிசி கூடிவரும்வரை, மணமாகும் இளைஞர்களின் பேரில் மாதாந்தரச் சேமிப்புக் கணக்கொன்றைச் சங்கத்தில் தொடங்குவது எளிய வழி. கூலியில் சிறு பகுதி அதில் சேர்ந்துகொண்டே வரட்டும். குழந்தை இயல்பாகவே பிறந்தால் அத்தொகை அதன் படிப்புக்கு ஆகும். சிகிச்சை தேவைப்பட்டால் நகை அடகுக்குப் போகாது.

குழந்தை வேண்டுமென விழைவதும், வேண்டாமென இருப்பதும், ஆதரவற்ற குழந்தையை முறைப்படி தத்தெடுத்து வளர்ப்பதும் அவரவர் உரிமை. ஆனால் விழைந்து சிகிச்சை நாடும் குடும்பம் தறியையும் நிலத்தையும் இழந்து நிற்பதைச் சங்கம் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது. வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில், குழுக் காப்பீடு பற்றி இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்கும் தீர்மானம் ஒன்றை ஒவ்வொரு சங்கமும் முன்வைக்குமாறு வேண்டுகிறோம். அக்கடிதத்தில் மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிற்கும் எதிரே விடைக்கு இடம் விடுங்கள். விடையின்றி வெற்றிடமாகத் திரும்பி வரும் தாளை ஒதுக்கிவிடுங்கள்.